மாதக் கடைசியில் மளிகைச் செலவு: பணம் எங்கே கசிகிறது?

வரவுசெலவு நோட்டு (திருச்சி)

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது ஐந்து பேர் கொண்ட குடும்பம்: நானும் கணவரும், மாமியார், ஒன்பதாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். கடந்த மூன்று மாதங்களாக வீட்டுக்கு வாங்கிய ஒவ்வொரு உணவுப் பொருளையும், ஐந்து ரூபாய்க் கறிவேப்பிலை உட்பட, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். மாதச் சராசரி 14,200 ரூபாய் வருகிறது. மளிகை 5,200, காய்கறியும் பழமும் 2,400, பால் 2,100, முட்டை மீன் இறைச்சி 1,800. மீதி 2,700 ரூபாய்க்கு நான் 'இடைச் செலவு' என்று பெயர் வைத்திருக்கிறேன். தெருமுனைக் கடையில் அவசரத்துக்கு வாங்கியவை, மாலையில் பிள்ளைகள் கேட்டதால் வாங்கிய பிஸ்கட்டும் மிக்சரும், சமைக்க அலுப்பாக இருந்த இரவுகளில் வாங்கிய பரோட்டாவும் இட்லி மாவும் எல்லாம் அதற்குள் அடக்கம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் குப்பைக்குப் போனவற்றையும் எழுதினேன். அந்தப் பக்கம்தான் என்னை மிகவும் வருத்தியது. ஒரே வாரத்தில் அரைக் கட்டு அரைக்கீரை, அடியில் நசுங்கிப்போன கால் கிலோ தக்காளி, அழுகிய கொத்தமல்லி, புளித்துப்போன மாவு, இரண்டு முறை மிஞ்சிய சோறு. விலைவாசியைக் குறை சொல்லிக்கொண்டிருந்த நான், விலை கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கைச் சமைக்காமலேயே கொட்டியிருக்கிறேன்.

மாதச் செலவை 11,000 ரூபாய்க்குள் கொண்டுவர விரும்புகிறேன். ஆனால் பிள்ளைகளின் பாலையும் முட்டையையும், மாமியாரின் பழத்தையும் குறைத்து வரும் சேமிப்பு எனக்கு வேண்டாம். தட்டில் விழுவது குறையாமல், கடைக்கும் தட்டுக்கும் இடையே கசிவதை நிறுத்த வழி தேடுகிறேன். உங்கள் வீட்டில் நீங்களே செய்து பார்த்துப் பலன் கண்டவற்றைச் சொல்லுங்கள்.

கடைவீதி (விருதுநகர்)

வணக்கம் சகோதரி. முப்பது ஆண்டுகள் மளிகைக் கடையில் எடை போட்டவன் என்ற முறையில் வாங்கும் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சமையலைப் பற்றிச் சொல்ல இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் அரிசி. 2022 ஜூலை 18 முதல், எடையும் பெயரும் அச்சிட்டு முன்கூட்டியே கட்டிய அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு 25 கிலோ வரையிலான பொட்டலங்களில் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. மூட்டையைப் பிரித்துச் சில்லறையாக எடை போட்டுக் கொடுத்தால் அந்த வரி இல்லை. அரிசிக் கடைகளில் 25 கிலோ சிப்பத்துக்குப் பதிலாக 26 கிலோ சிப்பம் வரத் தொடங்கியது இதனால்தான். ஆகவே சிப்பமாக வாங்கும்போது எடையைப் பார்த்துக் கிலோவுக்கு என்ன விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள். பருப்பு, ரவை, கடலை போன்றவற்றை நம்பிக்கையான கடையில் சில்லறையாக வாங்குவது பெரும்பாலும் மலிவு. அதோடு கையில் அள்ளிப் பார்த்து வாங்கலாம். பூச்சி இருக்கிறதா, பழைய சரக்கா என்பது கண்ணாடித்தாள் பொட்டலத்துக்குள் சரியாகத் தெரியாது.

இரண்டாவது எண்ணெய். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் எடை இருக்கும். அலமாரியில் ஒரே உயரத்தில் நிற்கும் பாக்கெட்டுகளில் ஒன்று 910 கிராமாகவும் பக்கத்தில் இருப்பது 850 கிராமோ அதற்கும் குறைவாகவோ இருப்பதைப் பார்த்திருக்கிறேன். விலை ஐந்து ரூபாய் குறைவு என்று கையை நீட்டுபவர் உண்மையில் அதிக விலை கொடுக்கிறார். இப்போது பொட்டலங்களில் அதிகபட்ச விலைக்குப் பக்கத்திலேயே, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்ற அலகு விலையும் அச்சிடப்படுகிறது. எழுத்து சிறியதுதான், ஆனால் இரண்டு பொட்டலங்களை ஒப்பிட அந்த ஓர் எண் போதும்.

மூன்றாவது பருவம். புளி, மிளகாய், மல்லி ஆகிய மூன்றையும் மாதாமாதம் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குபவர்கள் ஆண்டு முழுவதும் உச்ச விலையைச் சுமக்கிறார்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது ஆண்டுத் தேவையை வாங்கி, கொட்டையும் நாரும் நீக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவி அடுக்கடுக்காக மண்பானையிலோ ஜாடியிலோ அமுக்கி வைத்தால் அடுத்த பருவம் வரை கெடாது. மிளகாயும் மல்லியும் அதே பருவத்தில்தான் சந்தைக்கு நிறைய வருகின்றன. மொத்தமாக வாங்கப் பணம் இல்லையென்றால், இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் இன்றும் அப்படித்தான் செய்கிறோம்.

அரிசியில் இன்னொன்று. தை மாதம் வரும் புது அரிசி விலை சற்றுக் குறைவாக இருக்கும். ஆனால் குழைந்துபோகும், சோறு காணாது. ஆறு மாதமாவது பழகிய அரிசி தண்ணீரை நன்றாக வாங்கும். அதே ஒரு படியில் கூடுதலாக ஒருவர் சாப்பிடலாம். விலைச்சீட்டில் தெரியாத இந்தக் கணக்கு உலை வைப்பவருக்குத் தெரியும்.

உழவர் சந்தைத் தோழி (மதுரை)

காய்கறிக்கு என்னுடைய வழி ஒன்றே ஒன்றுதான்: உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றும் பெருமை உண்டு. விளைவித்தவரே அடையாள அட்டையுடன் வந்து விற்கிறார். அன்றன்றைய விலை வாசலில் பலகையில் எழுதப்படுகிறது. வண்டியில் வாசலுக்கு வரும் காயின் விலையோடு ஒப்பிட்டால் வாரம் ஒரு முறை போய் வருவதற்குள் கணிசமான வேறுபாடு தெரியும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் போய் வரச் செலவும் இல்லை.

காலை ஆறரை மணிக்குப் போனால் தரமான காய் கிடைக்கும். மூடும் நேரத்தை ஒட்டிப் போனால் விலை இறங்கும். நான் இரண்டையும் செய்வதுண்டு. கீரை, அவரை, வெண்டை போன்றவற்றைக் காலையிலும், பூசணி, சேனை, வாழைக்காய் போன்ற, வாடினாலும் கெடாத காய்களைக் கடைசி நேரத்திலும் வாங்குகிறேன். எதை வாங்குவது என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு போவதில்லை. பலகையைப் பார்த்த பிறகுதான் வாரச் சமையலை முடிவு செய்கிறேன். எட்டு நாளும் பீன்ஸும் கேரட்டும் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டாலே காய்ச் செலவில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அந்த இரண்டு மாதமும் நான் தக்காளியை ஏறத்தாழ வாங்கவில்லை. நம் முன்னோர் சமையலுக்குத் தக்காளி பின்னால் வந்து சேர்ந்ததுதான். புளிக் குழம்பு, மோர்க் குழம்பு, மாங்காய் போட்ட சாம்பார், எலுமிச்சை ரசம், மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட புளி ரசம் என்று முறை வைத்துச் சமைத்தேன். வீட்டில் யாரும் தக்காளியைக் கேட்கவில்லை.

ஒரு சிறு குறிப்பு: கீரையையும் கொத்தமல்லியையும் வாங்கி வந்தவுடன் கழுவாதீர்கள். வேரை நறுக்கி, ஈரம் போகத் துடைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நான்கைந்து நாள் தாங்கும். உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாதி இதனால் காலியாகிவிடும்.

கொங்குச் சமையல் (ஈரோடு)

சிக்கனமான சமையல் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது 'அரிசியும் பருப்பும்' என்ற ஒரே பாத்திரச் சோறுதான். விருந்துக்கும் செய்வோம், வேலை அலுத்து வந்த இரவிலும் செய்வோம். ஐந்து பேருக்கு இரண்டு தம்ளர் அரிசி, முக்கால் தம்ளர் துவரம்பருப்பு. குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், காய்ந்த மிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், தட்டிய பூண்டு, கறிவேப்பிலை, ஒரு தக்காளி வதக்கி, மஞ்சளும் சாம்பார் பொடியும் போட்டு, அரிசி பருப்பு இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கில் தண்ணீர் விட்டு மூன்று விசில். இறக்கி ஒரு கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய். தொட்டுக்கொள்ளத் தயிரோ அப்பளமோ போதும். பருப்புக்குத் தனி, சோற்றுக்குத் தனி, குழம்புக்குத் தனி என்று மூன்று முறை அடுப்பு எரியாது. துலக்கும் பாத்திரமும் ஒன்றுதான். நெல்லைக்காரர்கள் காய்களெல்லாம் போட்டுச் செய்யும் கூட்டாஞ்சோறும் இதே நோக்கத்தில் பிறந்ததுதான் என்று நினைக்கிறேன்.

துவரம்பருப்பு விலை ஏறும்போதெல்லாம் சாம்பாரைத் தண்ணீராக்காதீர்கள்; பருப்பை மாற்றுங்கள். கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை ஆகியவை பெரும்பாலும் துவரையைவிட விலை குறைவு. கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் துவையல் அல்லது மசியல். ஒரு கிண்ணக் கொள்ளில் இரண்டு பதார்த்தம் ஆகிவிடும். முழுப் பயறுகளை இரவே ஊறவைத்தால் விசில் பாதியாகக் குறையும். அதுவும் 14.2 கிலோ சிலிண்டரில் சேரும் சேமிப்பு. எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் முன்பு முப்பத்தைந்து நாள் வந்தது. பயறை ஊறவைப்பதையும், குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சோறு, பருப்பு, காய் மூன்றையும் ஒன்றாக வேகவைப்பதையும் வழக்கமாக்கிய பிறகு ஐம்பது நாள் வரை வருகிறது.

இரவுப் பணி (சென்னை)

மேலே எழுதியவர்கள் எல்லாரும் உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு விலையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதை மரியாதையுடன் சொல்ல விரும்புகிறேன். புளியைக் காயவைப்பதும், சந்தைக்கு இரண்டு முறை போவதும், கொள்ளை ஊறவைத்து வடித்து அரைப்பதும் யாருடைய நேரம்? நான் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி. காலையில் வீட்டுக்கு வரும்போது மாவு அரைக்கும் தெம்பு எனக்கு இல்லை. கிலோ 50 ரூபாய்க்குக் கடை மாவுதான் வாங்குகிறேன். சிக்கனம் என்ற பெயரில் வீட்டில் ஒரே ஒருவரின் உடம்பும் உறக்கமும் கரைந்தால், அது சேமிப்பு ஆகாது. நோட்டில் எழுதப்படாத கடன் அது.

அதற்காகச் சிக்கனமே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வீட்டில் செய்த மாற்றத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் நாங்கள் நால்வரும் சமையலறையில் இருப்போம். கணவர் தேங்காய் துருவுவார், பூண்டு உரிப்பார். மகன் கீரை ஆய்ந்து வைப்பான். மகள் வாரத்துக்கான சமையலை ஒரு தாளில் எழுதி ஒட்டுவாள். நான் புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் செய்து பாட்டிலில் அடைத்துவிடுவேன். அந்தத் தொக்கு இருந்தால் சோறு மட்டும் வடித்தால் போதும். பரோட்டாக் கடைக்கு யாரும் ஓடுவதில்லை. இழையைத் தொடங்கிய தோழியின் கணக்கில் 2,700 ரூபாய் இடைச் செலவு பெரிதாக இருப்பதற்குக் காரணம் ஒழுங்கின்மை இல்லை, அலுப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. அலுப்பைப் பங்கு போட்டுக்கொண்டால் அந்தச் செலவு தானாக இறங்கும்.

வரவுசெலவு நோட்டு (திருச்சி)

தோழி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நோட்டைத் திரும்பப் புரட்டினேன். பரோட்டாவும் மாவும் வாங்கிய நாட்கள் எல்லாம் செவ்வாயும் வியாழனும்தான். அந்த இரண்டு நாட்களிலும் மகளுக்குத் தனிப்பயிற்சி வகுப்பு. வீடு திரும்ப இரவு எட்டு மணி ஆகிறது. காரணம் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது, நான் அதைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு இரவுகளையும் கணவரிடம் ஒப்படைக்கப் பேசியிருக்கிறேன். அரிசியும் பருப்பும் செய்யும் முறையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று.

அட்டைதாரர் (விழுப்புரம்)

ரேஷனில் மாதாமாதம் கிடைக்கும் பொருள்களைப் பற்றி இதுவரை யாரும் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில் இதைப்போல் சில மடங்கு விலை. இந்த இரண்டையும் வாங்காமல் விடும் நடுத்தர வீடுகள் பலவற்றை எனக்குத் தெரியும். வரிசையில் நிற்கக் கூச்சம், அரிசியில் வாடை வருகிறது என்ற எண்ணம், நேரமின்மை எனக் காரணங்கள் பல. கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

ரேஷன் புழுங்கலரிசியை எங்கள் வீட்டில் சோற்றுக்கு வைப்பதில்லை, இட்லிக்கு அதுதான். புடைத்துக் கல் பொறுக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை களைந்துவிட்டால் வாடை போய்விடும். நான்கு தம்ளர் அரிசிக்கு ஒரு தம்ளர் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம், அரைக்கும்போது ஒரு கைப்பிடி ஊறவைத்த அவல். இட்லி அரிசி என்று தனியாகக் காசு கொடுத்து வாங்கியதைவிட இட்லி மிருதுவாக வருகிறது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை வாங்க முடிகிற மாதத்தில் அதைக் கழுவிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்வேன். தவிடு சேர்ந்த அந்த மாவில் செய்த சப்பாத்திக்கு மணமே வேறு.

ஒரு தவறான அச்சத்தையும் இங்கே போக்க விரும்புகிறேன். ரேஷன் அரிசியைக் களையும்போது வெளிர் மஞ்சளாகச் சில மணிகள் தனியாகத் தெரியும். சிலர் அவற்றைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து உருவாக்கி, நூறு மணிக்கு ஒரு மணி என்ற அளவில் கலந்தவை. எறிய வேண்டாம்.

எங்கள் பகுதிக் கடை ஒன்றில் இரண்டு மாதம் தொடர்ந்து பருப்பு இருப்பு இல்லை என்றார்கள். ஆனால் வாங்கியதாக என் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. 1967 என்ற எண்ணில் புகார் சொன்னேன். அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காகக் கிடைக்கிறது. குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

உணவியல் மாணவி (கோவை)

பாமாயில் உடம்புக்குக் கெடுதல் என்று யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நிலக்கடலை, எள் எண்ணெய்களைவிடப் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்பது உண்மை. அதனால் அதை மட்டுமே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தாமல், தாளிக்கவும் வதக்கவும் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ வைத்துக்கொண்டு, எப்போதாவது எண்ணெயில் பொரிக்கும் பலகாரங்களுக்குப் பாமாயிலை ஒதுக்கலாம். எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பது முக்கியம். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஐந்து பேர் வீட்டில் இரண்டரை லிட்டருக்கு மேல் போகிறது என்றால், அதைக் குறைப்பதில் உடம்பும் பணமும் ஒரே இடத்தில் மிச்சமாகும்.

புரதத்தில் கை வைக்க மாட்டேன் என்று முதல் பதிவில் சொன்னது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சிக்கனம் என்று தொடங்கும் வீடுகளில் முதலில் குறைவது பருப்பும் முட்டையும்தான்; அரிசி குறைவதில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது. நூறு கிராம் சோயா உருண்டையில் 50 கிராமுக்கு மேல் இருக்கிறது. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராம். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கடலையோ தாளித்த சுண்டலோ கொடுத்தால் செலவும் குறையும், பிள்ளைகளுக்குப் பசியும் அடங்கும். பாலில் ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு நிறத்தில் 6 சதவீதம். புரதத்தில் அவ்வளவு வேறுபாடு கிடையாது. வளரும் பிள்ளைகளுக்கு ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு, பெரியவர்களின் காப்பிக்கும் தயிருக்கும் நீலத்துக்கு மாறலாம்.

நெய்தல் வீடு (நாகப்பட்டினம்)

மீனைப் பற்றி இரண்டு வரி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் வஞ்சிரமும் பாரையும் கேட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த இரண்டு மாதத்துக்குக் கருவாடுதான். பங்குனி வெயிலில் காய்ந்த நெத்திலிக் கருவாட்டை வாங்கி, மணல் போக உதறி, டப்பாவில் அடைத்து வைத்துவிடுவோம். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு வைத்த கருவாட்டுக் குழம்பு மறுநாள்தான் சுவை கூடும். மற்ற மாதங்களில் மத்தி. விலை குறைந்த மீன்களில் அதைப்போல் சத்தான மீன் எனக்குத் தெரிந்து இல்லை. முள் அதிகம் என்று பிள்ளைகள் ஒதுக்கினால், மண்சட்டியில் புளி விட்டுச் சிறு தீயில் நீண்ட நேரம் வையுங்கள், முள் மிருதுவாகிவிடும்.

காவிரிக்கரை (கும்பகோணம்)

எனக்கு எழுபத்திரண்டு வயது. பதினோரு பேர் சாப்பிட்ட வீட்டில் மருமகளாக வந்தவள். எங்கள் மாமியார் காய் நறுக்கும்போது பக்கத்தில் இரண்டு தட்டு வைத்திருப்பார். ஒன்று குழம்புக்கு, மற்றொன்று துவையலுக்கு. குப்பைக்கு என்று தட்டு கிடையாது. பீர்க்கங்காயைச் சீவினால் தோலைக் கழுவி நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுந்து, காய்ந்த மிளகாய், சிறு உருண்டைப் புளி வைத்து அரைப்பார். இளம் பூசணியின் நடுவில் இருக்கும் பஞ்சுப் பகுதியிலும், வாழைக்காய்த் தோலிலும் இதே துவையல் செய்யலாம். முள்ளங்கி வாங்கினால் கீரையைக் கடையிலேயே திருகிப் போட்டுவிட்டு வருகிறார்கள்; பாசிப்பருப்பு சேர்த்துச் செய்தால் அது ஒரு வேளைக் கூட்டு. தர்பூசணியின் சிவப்பைத் தின்ற பிறகு பச்சைத் தோலைச் சீவிவிட்டு, வெள்ளைப் பகுதியில் மோர்க்கூட்டு வையுங்கள். வெள்ளரியா சுரைக்காயா என்று கேட்பார்கள். கொத்தமல்லித் தண்டை எறியாதீர்கள். கட்டி ரசத்தில் போட்டு இறக்கும்போது எடுத்துவிட்டால் மணம் முழுவதும் ரசத்தில் இருக்கும்.

மிஞ்சிய சோற்றுக்கு வருத்தப்பட வேண்டியதில்லை. கோடையென்றால் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் சின்ன வெங்காயமும். அதிகம் மிஞ்சினால் உப்பு, பச்சைமிளகாய், சீரகம் வைத்து அரைத்து மாடியில் துணி விரித்து வடகம் கிள்ளிவிடலாம். புளித்த மாவில் சிறிது ரவையும் வெங்காயமும் சேர்த்துக் குழிப்பணியாரம். மீந்த இட்லி மாலையில் உப்புமா. ஆனால் ஒன்று: சாம்பாரையும் தேங்காய்ச் சட்னியையும் மறுநாளைக்கு வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே அம்மா. கெட்டுப்போகும் பொருளில் சிக்கனம் பார்த்தால் மருத்துவருக்குக் கொடுப்பதில் முடியும். அவற்றைக் குறைவாகவே செய்துவிட வேண்டும்.

சித்திரை வைகாசியில் கத்தரி, கொத்தவரை, மணத்தக்காளி எல்லாம் மலிந்து கிடக்கும். உப்பு மோரில் ஊறவைத்து வற்றல் போட்டால், ஐப்பசி அடைமழையில் காய் விலை ஏறும்போது வற்றல் குழம்புக்கு ஆகும். மழைக்காலத்தில் நாங்கள் காய்க்கடைக்குப் போனதே அபூர்வம்.

அட்டைதாரர் (விழுப்புரம்)

அம்மா எழுதியதோடு ஓர் எச்சரிக்கை. தீபாவளிக்கு மளிகை தருவதாக மாதச் சீட்டு கட்டச் சொல்லிப் பலர் வருவார்கள். எங்கள் தெருவில் ஒருவரிடம் பன்னிரண்டு மாதம் கட்டினோம். பண்டிகைக்கு முந்தைய வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பணத்தை அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டிருந்தால் வட்டியோடு கையில் இருந்திருக்கும். அதன் பிறகு நான் அப்படித்தான் செய்கிறேன்.

வரவுசெலவு நோட்டு (திருச்சி)

ஒரு மாதம் முடிந்தது. சொன்னபடி கணக்கை வைக்கிறேன். மளிகை 4,600. ரேஷனில் பருப்பும் பாமாயிலும் வாங்கியதும், இட்லி அரிசி தனியாக வாங்காததும் காரணம். காய்கறியும் பழமும் 1,950. பாலில் மாற்றமில்லை, 2,100. மாமியாருக்கு நீலப் பாக்கெட் தயிர் பிடிக்கவில்லை என்பதால் பழையபடியே விட்டுவிட்டேன். முட்டையும் மீனும் 1,900, நூறு ரூபாய் கூடியிருக்கிறது; மத்தியைப் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிட்டதால் வாரம் இரு முறை வாங்கினேன். இடைச் செலவு 2,700 ரூபாயிலிருந்து 1,300 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. ஆக மொத்தம் 11,850. பதினொன்றைத் தொடவில்லை, ஆனால் 2,350 ரூபாய் கையில் நிற்கிறது.

எதிர்பாராத ஒன்றையும் சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் எழுத இந்த மாதம் மூன்றே வரிகள்தான் இருந்தன. செவ்வாய், வியாழன் இரவுகளில் கணவர் சமைக்கிறார். முதல் வாரம் அடி பிடித்தது. மூன்றாம் வாரம் மகள் இரண்டாவது முறை தட்டில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பீர்க்கங்காய்த் தோல் துவையலை மாமியார் வாயில் வைத்தவுடன், தம் அம்மா வீட்டில் சாப்பிட்டதாகச் சொல்லி, அவரே இப்போது தோலைச் சீவித் தட்டில் தனியாக வைக்கிறார்.

இடைச் செலவில் இன்னும் ஒரு பகுதி மசாலாப் பொடிப் பாக்கெட்டுகளுக்குப் போகிறது. மிளகாயும் மல்லியும் பருவத்தில் வாங்கி மில்லில் அரைத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஐந்து பேருக்கு மூன்று மாதம் வருமாறு சாம்பார் பொடிக்கு அளவு யாராவது சொல்ல முடியுமா?

காவிரிக்கரை (கும்பகோணம்)

மல்லி ஒரு கிலோ, நீள மிளகாய் அரைக் கிலோ, துவரம்பருப்பு இருநூறு கிராம், கடலைப்பருப்பு நூறு, மிளகு நூறு, சீரகம் ஐம்பது, வெந்தயம் ஐம்பது, விரலி மஞ்சள் எழுபத்தைந்து. மிளகாயையும் மல்லியையும் மஞ்சளையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவை. மற்றவற்றைத் தனித்தனியே வெறும் வாணலியில் சூடேற வறுத்தால் போதும். வெந்தயம் கருகினால் பொடி கசக்கும். மில்லில் உனக்கு முன் யாராவது கோதுமை அரைத்தார்களா என்று கேட்டுக்கொள். மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால் நின்றால் பொடி வீணாகாது. அரைத்து வந்தவுடன் டப்பாவில் அடைக்காதே. செய்தித்தாளில் பரப்பி, சூடு முழுவதும் ஆறிய பிறகு அடை. ஈரக் கரண்டி படக் கூடாது.

கடைவீதி (விருதுநகர்)

அம்மா சொன்ன அளவு சரி. மிளகாயைப் பங்குனிக் கடைசிக்குள் வாங்கிவிடுங்கள் சகோதரி. காம்போடு வாங்குங்கள், காம்பு கிள்ளிய மிளகாயில் காற்றுப் புகுந்து சீக்கிரம் வண்டு விழும். அரைக்கும் அன்று காலையில் கிள்ளிக்கொள்ளலாம்.